மைனர் செவன்த்: ஒரு விரலை எடுத்தால் கேட்கும் நிஷாதம்

ட்யூன் செய்த கிட்டாரைக் கையில் எடுத்து, இடது கையால் எதையும் அழுத்தாமல், ஆறு கம்பிகளையும் தடித்த கம்பியிலிருந்து ஒருமுறை மெதுவாக மீட்டிப் பாருங்கள். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கம்பி ஆறு, சுரம் ஐந்து. ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ஜி சாதாரண காந்தாரம், ஏ சுத்த மத்தியமம், பி பஞ்சமம், டி கைசிகி நிஷாதம். ஸ க ம ப நி. பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு உடனே புரிந்திருக்கும், இது சுத்த தன்யாசி. யாரும் எதுவும் வாசிக்கும் முன்பே கிட்டார் அந்த ராகத்தின் சுரங்களோடு காத்திருக்கிறது. அந்த ஐந்தில் மத்தியமத்தை விட்டுவிட்டு மற்ற நான்கையும் சேர்த்து வாசித்தால், அதுதான் ஈ மைனர் செவன்த் என்ற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் சின்ன வயதில் கொஞ்ச நாளாவது கர்நாடக சங்கீதம் படித்திருப்பார்கள். இல்லையென்றால் சர்ச் கொயரில் நின்றிருப்பார்கள். ஆனாலும் கார்டு சார்ட்டில் மேஜர், மைனர் பக்கங்களைத் தாண்டி ‘செவன்த்’ என்ற பக்கம் வந்ததும், அது பெரியவர்கள் சமாச்சாரம் என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. மைனர் செவன்த் கிட்டாருக்கும் பக்கம், நம் காதுக்கும் பக்கம். முதல் மூன்று மைனர் கார்டுகளைக் கற்றுத் தரும் அதே வாரத்தில் இதையும் சொல்லித் தரலாம். சொல்லித் தர வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும்: மெல்லியது ஒன்றாம் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். ஒரு ஃபிரெட் நகர்ந்தால் அரைச்சுரம். ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், வாசியுங்கள், ஏ. அதே கம்பியில் 3-ஆம் ஃபிரெட், சி. 7-ஆம் ஃபிரெட், ஈ. 10-ஆம் ஃபிரெட், ஜி. ஏ, சி, ஈ, ஜி ஆகிய இந்த நான்கும் சேர்ந்தால் ஏ மைனர் செவன்த். எந்தக் கம்பியிலும் எந்தச் சுரத்திலிருந்தும் இதே 3, 7, 10 என்ற கணக்குதான். முதல் மூன்று சுரங்கள் சாதாரண மைனர் கார்டு. பத்தாம் ஃபிரெட்டில் வந்து சேர்கிற அந்த நான்காவது சுரம், கைசிகி நிஷாதம், இந்த நிறத்தையெல்லாம் கொண்டுவருகிறது.

இனி கைக்கு வருவோம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும் ஒரு மாணவியிடம் சி மேஜர் பிடிக்கச் சொன்னேன். ஐந்தாம் கம்பி 3-ஆம் ஃபிரெட்டில் மோதிர விரல், நான்காம் கம்பி 2-ஆம் ஃபிரெட்டில் நடு விரல், இரண்டாம் கம்பி 1-ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். சுத்தமாகப் பிடித்திருந்தாள்.

“இப்ப அந்த மோதிர விரலை மட்டும் எடு கண்ணு. மத்த ரெண்டும் அசையக் கூடாது.”

எடுத்தாள். ஐந்தாம் கம்பியிலிருந்து கீழே வரைக்கும் வாசித்தாள்.

“என்ன கார்டு இது?”

“ஏ மைனர் மாதிரி இருக்குதுங்க சார்.” இன்னொரு தடவை வாசித்தாள். “ஆனா சி மேஜர் இன்னும் உள்ளயே இருக்கிற மாதிரியும் இருக்குதுங்க.”

இதற்கு மேல் சரியாக இதை விளக்க முடியாது. அவள் கேட்டது ஏ மைனர் செவன்த். அதன் நான்கு சுரங்களில் முதல் மூன்றை எடுத்தால் (ஏ, சி, ஈ) ஏ மைனர். கடைசி மூன்றை எடுத்தால் (சி, ஈ, ஜி) சி மேஜர். சி-யும் ஈ-யும் இரண்டுக்கும் பொது. ஒரு மைனரும் ஒரு மேஜரும் இரண்டு சுரங்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே கார்டாக நிற்கின்றன. இது முழுச் சோகமாகவும் ஒலிக்காமல் முழு மகிழ்ச்சியாகவும் ஒலிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கத்திலிருந்தும் வந்து பாருங்கள். ஏ மைனர் பிடித்துக்கொண்டு, மூன்றாம் கம்பி 2-ஆம் ஃபிரெட்டில் இருக்கும் மோதிர விரலை எடுங்கள். வருவது அதே ஏ மைனர் செவன்த், அதே இடத்தில் அதே விரல்கள். மேஜரிலிருந்தும் ஒரு விரல், மைனரிலிருந்தும் ஒரு விரல். அங்கே எடுத்த விரல் ஸ-வை வெளியே விட்டது, இங்கே எடுத்த விரல் நி-யை வெளியே விட்டது.

இது ஏ-க்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஜி மேஜரில் ஆறாம் கம்பியில் இருக்கும் விரலை எடுங்கள், ஈ மைனர் செவன்த். நான்கு கம்பியில் பிடிக்கும் சின்ன எஃப் மேஜரில் நான்காம் கம்பியின் மோதிர விரலை எடுத்து அந்தக் கம்பியைத் திறந்து விடுங்கள், டி மைனர் செவன்த். சி, எஃப், ஜி என்ற மூன்று மேஜர் கார்டுகளிலும் அடியில் இருக்கும் விரலை எடுத்தால் சி கீ-யில் உள்ள மூன்று மைனர் செவன்த்களும் கிடைத்துவிடுகின்றன. புதிதாக ஒரு ஷேப் கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஈ மைனரில் நான்காம் கம்பி விரலை எடுத்தாலும் ஈ மைனர் செவன்த்தான். டி மைனரில் மட்டும் வெறுமனே எடுத்தால் போதாது. இரண்டாம் கம்பி 3-ஆம் ஃபிரெட்டில் உள்ள மோதிர விரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சாய்த்து ஒன்றாம், இரண்டாம் கம்பிகளின் முதல் ஃபிரெட்டைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில்தான் பலருக்கு ஒலி கெடுகிறது. ஏ மைனர் செவன்த்தின் உயிர் மூன்றாம் கம்பியில் திறந்து கிடக்கும் ஜி. மோதிர விரலை எடுத்த பிறகு நடு விரல் சற்றே படுத்து அந்தக் கம்பியைத் தொட்டுவிடும். ஜி அடங்கிவிடும். வாசிப்பவர் செவன்த் வாசிப்பதாக நினைப்பார், கேட்பவருக்கு வருவது வெறும் ஏ மைனர். அதனால் ஸ்ட்ரம் செய்யும் முன்பு மூன்றாம் கம்பியை மட்டும் தனியாகத் தட்டிக் கேளுங்கள். நகத்தை வெட்டி, விரல் நுனி நேராக நின்றால் சரியாகிவிடும். ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) அதிகமான கிட்டாரில் இது இன்னும் கஷ்டம். கடையில் வாங்கியபடியே வைத்திருக்கும் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் முதல் ஃபிரெட் பக்கம் கம்பி உயரமாகத்தான் இருக்கும். பிள்ளையின் விரலைக் குறை சொல்லும் முன்பு கம்பி உயரத்தைச் சரிசெய்யும் ஒரு செட்டப் செய்து கொடுங்கள்.

இந்தக் கார்டு ஏன் காதை உறுத்துவதே இல்லை? நான்கு சுரங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் ஆறு ஜோடி. ஏ-வும் ஈ-யும் ஸ-ப உறவு, சி-யும் ஜி-யும் அதே உறவு. ஏ-சி, சி-ஈ, ஈ-ஜி மூன்றும் காந்தார உறவுகள். மிஞ்சுவது ஜி-ஏ ஒன்றுதான், அதுவும் ஒரு முழுச்சுர இடைவெளி. அரைச்சுரத்தில் இடிக்கிற ஜோடி ஒன்றுகூட இல்லை. ஆறு அரைச்சுர இடைவெளியில் ‘அடுத்து எங்கே, அடுத்து எங்கே’ என்று இழுக்கிற ஜோடியும் இல்லை. சி மேஜர் செவன்த்தில் பி-யும் சி-யும் அரைச்சுரத்தில் உரசுகின்றன, அது ஒரு அழகு. சி செவன்த்தில் ஈ-யும் பி ஃபிளாட்டும் ஆறு அரைச்சுரம் தள்ளி நின்று இழுக்கின்றன, அது ஒரு வேகம். மைனர் செவன்த்தில் இரண்டும் கிடையாது. அதனால்தான் ஒரே மைனர் செவன்த்தை நிமிடக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தாலும் அலுப்பதில்லை, அதன் மேல் யாராவது பாடிக்கொண்டே இருக்கலாம்.

சங்கராபரணத்தை சி-யில் வைத்து, ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு சுரங்களை அடுக்கிப் பாருங்கள். மைனர் செவன்த் வருவது மூன்றே இடங்களில்: ரி, க, த. அதாவது டி, ஈ, ஏ. இப்போது கிரகபேதத்தை, அதாவது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஸ-வாக மாற்றிக் கேட்பதை, நினைத்துப் பாருங்கள். சங்கராபரணத்தின் ரி-யை ஸ-வாக வைத்தால் கரகரப்பிரியா, க-வை வைத்தால் ஹனுமத்தோடி, த-வை வைத்தால் நடபைரவி. மூன்றும் அதே இடங்கள். மேளகர்த்தா என்ற தாய் ராக வரிசையில் 22, 8, 20 என்று தள்ளித் தள்ளி நிற்கும் இந்த மூன்று ராகங்களுக்கும் ஸ-வின் மேல் நிற்கும் கார்டு ஒன்றே, மைனர் செவன்த். மேற்கத்திய இசைக்காரர்கள் டோரியன், ஃபிரிஜியன், ஏயோலியன் என்று சொல்கிற மூன்றும் இவைதான். தியரி புத்தகத்தில் தனித்தனிப் பாடமாகக் கிடக்கும் இதை, பாட்டு படித்த ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால் ராகங்கள் மூன்றாக இருக்கும்போது கார்டு எதைச் சொல்கிறது? எதையும் சொல்வதில்லை. ஸ, க, ப, நி நான்கையும் சொல்லிவிட்டு ரி, ம, த மூன்றையும் திறந்து விட்டுவிடுகிறது. அடுத்த கார்டுதான் முடிவு செய்கிறது. ஏ மைனர் செவன்த்துக்குப் பிறகு டி மேஜர் வாசித்தால் எஃப் ஷார்ப் வந்துவிடும், அது சதுஸ்ருதி தைவதம், கரகரப்பிரியாவின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே இடத்தில் எஃப் மேஜரோ டி மைனரோ வாசித்தால் சுத்த தைவதம், நடபைரவி. பி ஃபிளாட் மேஜர் வாசித்தால் சுத்த ரிஷபம் தலைகாட்டி, தோடியின் சாயல் வரும். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாசித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி முணுமுணுத்துப் பாருங்கள். கிட்டார் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இடிக்கிற இடமும் உண்டு. கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் காந்தாரம் சாதாரணம்தான், ஆனால் நிஷாதம் காகலி. ஏ-யை ஸ-வாக வைத்தால் ஜி கிடையாது, ஜி ஷார்ப். அங்கே பாடகர் காகலி நிஷாதத்தில் நிற்கும்போது நீங்கள் ஏ மைனர் செவன்த் வாசித்தால், ஜி-யும் ஜி ஷார்ப்பும் மோதும். திரைப்பாட்டுகளில் கீரவாணி ஏராளம் என்பதால் இந்த மோதல் அடிக்கடி நடக்கிறது. அந்த மாதிரிப் பாட்டுகளில் ஸ-வின் மேல் வெறும் மைனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ம-வின் மேல், அதாவது டி-யின் மேல், மைனர் செவன்த் வையுங்கள். கீரவாணியில் அது சுரம் மாறாமல் உட்காரும்.

கமகமும், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதும், யோசிக்க வேண்டியது. கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்தவை. 6/5 விகிதத்தில் பாடப்படும் காந்தாரம் 316 சென்ட்டில் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருக்கும், ஃபிரெட்டில் இருப்பது 300. அசையாமல் நின்று பாடினால் காது கூர்மையானவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். கரகரப்பிரியாவிலோ காந்தாரம் நிற்பதே இல்லை, ஆடிக்கொண்டுதான் இருக்கும். பாடகர் க-வை அசைக்கும்போது கிட்டார் அதே க-வைக் கட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒட்டாது. அந்த இடங்களில் க-வை விட்டுவிட்டு ஸ, ப, நி மட்டும் வாசிப்பது நல்லது. ஏ-யில் என்றால் ஐந்தாம் கம்பி திறந்து, நான்காம் கம்பி 2-ஆம் ஃபிரெட், மூன்றாம் கம்பி திறந்து, அவ்வளவுதான். தம்புரா போல அடியில் ஓடிக்கொண்டிருக்கும், மேலே கமகத்துக்கு இடம் இருக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் கொங்கு நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வள்ளிக் கும்மி இப்போது ஊருக்கு ஊர் அரங்கேறுகிறது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை ஃபோனில் பதிந்து வந்து, “இதுக்கு கார்டு போடலாமுங்களா?” என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் பார்த்துப் போட வேண்டும். கும்மிப் பாட்டின் மெட்டு கொஞ்சம் சுரங்களுக்குள்ளேயே சுற்றி வருவது. கைத்தட்டும் காலடியும்தான் அதை நடத்துகின்றன. வரிக்கு நான்கு கார்டு மாற்றினால் மெட்டு எங்கோ போய் விழும், அது கும்மியாகவே இருக்காது. மெட்டு ஸ க ம ப நி-க்குள் ஓடுகிறதென்றால் ஒரே மைனர் செவன்த்தைப் பிடித்துக்கொண்டு, கைத்தட்டு விழும் இடத்தில் மட்டும் கீழ்நோக்கி ஒரு ஸ்ட்ரம் கொடுங்கள். மத்தியமம் வரும் இடத்தில்கூடக் கார்டை மாற்ற வேண்டாம். அந்த ம ஏற்கெனவே சுத்த தன்யாசிக்குள் இருப்பதுதான், கார்டோடு சண்டை போடாது. மெட்டு வேறு சுரங்களில் ஓடினால் மைனர் செவன்த்தைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஸ-வையும் ப-வையும் மட்டும் அடியில் வைத்துவிட்டுப் பாடுங்கள்.

ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுக்கு வருவோம், பெரும்பாலானவர்கள் பயப்படுவது இங்கேதான். ஜி மைனர் பாரில் ஆள்காட்டி விரல் 3-ஆம் ஃபிரெட் முழுவதையும் அழுத்தும், மோதிர விரலும் சுண்டு விரலும் 5-ஆம் ஃபிரெட்டில் ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இருக்கும். சுண்டு விரலை எடுத்துவிட்டால் ஜி மைனர் செவன்த். மறுபடியும் ஒரு விரல்தான். ஐந்தாம் கம்பியில் ரூட்டை (கார்டின் ஸ-வை) வைக்கும் பி மைனரிலும் மூன்றாம் கம்பியில் இருக்கும் சுண்டு விரலை எடுத்தால் பி மைனர் செவன்த். பிடிப்பது சுலபமாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் பாரின் வேலை கூடிவிட்டது. ஜி மைனர் செவன்த்தில் நி இருப்பது நான்காம் கம்பியில், க இருப்பது மூன்றாம் கம்பியில். இரண்டையும் அழுத்துவது ஆள்காட்டி விரலின் நடுப்பகுதி. பலருக்கு விரல் மூட்டின் மடிப்பு சரியாக அங்கேதான் வந்து விழும். மடிப்புக்குள் கம்பி புகுந்தால் ஒலி வராது. கார்டில் எது முக்கியமோ அது மட்டும் போய்விடும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, அதன் கெட்டியான ஓரத்தால் அழுத்துங்கள். அப்படியும் வரவில்லையென்றால் விரலை மேலேயோ கீழேயோ ஒரு நூல் நகர்த்துங்கள், மடிப்பு வேறு இடத்துக்குப் போகும். நான்காவது, மூன்றாவது கம்பிகளை மட்டும் தட்டிப் பார்ப்பதே பரிசோதனை.

விரல் வலிக்கிறவர்களுக்கும், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கும் இன்னொரு ஷேப் இருக்கிறது. ஆறாம் கம்பி 5-ஆம் ஃபிரெட்டில் நடு விரல். அதன் நுனி ஐந்தாம் கம்பியை லேசாகத் தொட்டு அடக்கிவிட வேண்டும். மோதிர விரலைப் படுக்க வைத்து நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளை அதே 5-ஆம் ஃபிரெட்டில் அழுத்துங்கள். ஒன்றாம் கம்பி வேண்டாம். ஏ, ஜி, சி, ஈ. நான்கு கம்பியில் நான்கு சுரம், எதுவும் இரட்டிப்பில்லை. இதை எந்த ஃபிரெட்டுக்கும் நகர்த்தலாம். இடது கையை லேசாகத் தளர்த்தினால் ஒலி உடனே நின்றுவிடும் என்பதால் தாளத்தோடு வெட்டி வெட்டி வாசிக்க இதைவிட நல்ல ஷேப் இல்லை. ப-வைக்கூட விட்டுவிடலாம். ரூட்டின் ஒலிக்குள்ளேயே ப-வின் அதிர்வு வலுவாக இருப்பதால் காது அதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். க-வையும் நி-யையும் அப்படி விட முடியாது.

கடைசியாக, இந்தக் கார்டு நகரும் விதம். டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் மூன்றையும் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் மெதுவாக வாசித்து, மெல்லிய இரண்டு கம்பிகளை மட்டும் கவனியுங்கள். டி மைனர் செவன்த்தில் இரண்டாம் கம்பியில் சி, ஒன்றாம் கம்பியில் எஃப். ஜி செவன்த்துக்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்கிறது, சி ஒரு ஃபிரெட் இறங்கி பி ஆகிறது. சி மேஜருக்குப் போகும்போது அந்த பி மறுபடி சி-க்கு ஏறிவிடுகிறது, இதுவரை நின்ற எஃப் ஒரு ஃபிரெட் இறங்கி ஈ ஆகிறது. டி மைனரின் நிஷாதம் ஜி-யின் காந்தாரத்தில் போய் இறங்குகிறது, டி-யின் காந்தாரம் ஜி-யின் நிஷாதமாக மாறி நின்று, பிறகு சி-யின் காந்தாரத்தில் இறங்குகிறது. சர்ச் பாட்டிலும் ஜாஸிலும் மெல்லிசையிலும் இந்த மூன்று கார்டு வரிசை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்த அரைச்சுர இறக்கங்கள்தான். வெறும் டி மைனர் வாசித்தால் முதல் இறக்கம் காணாமல் போகும், ஏனென்றால் இறங்க வேண்டிய அந்த சி அதில் இல்லை.

பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப வைக்க, ஒரு ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கிளிப் போதும். ஈ மைனர் செவன்த் ஷேப்பில் ஸ மூன்று கட்டை (சி-யை ஒரு கட்டையாக வைத்து எண்ணும் சுருதி அளவு). 3-ஆம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் ஜி, ஐந்து கட்டை, பெண் குரல்கள் பலவற்றுக்கு அது சரியாக இருக்கும். ஒரு கட்டையில் பாடுபவருக்கு அதே 3-ஆம் ஃபிரெட் கேப்போவோடு ஏ மைனர் செவன்த் ஷேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்போவை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் போட்டு, மூன்றாம் கம்பியை ஒருமுறை ட்யூன் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கேப்போ அழுத்தத்தில் முதலில் சுருதி ஏறுவது பெரும்பாலும் அந்தக் கம்பிதான், ஏ மைனர் செவன்த்தில் நி இருப்பதும் அதில்தான்.